வளருகிற பிள்ளைக்கு ஒரு குவாட்

செவன் கிங்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணை,

இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் எடுக்கலாம் என்றால் நீங்கள் என் இலக்கத்தை மூடி வைத்திருக்கிறீர்கள். திறந்திருந்தாலும் ஹலோவுக்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருப்பேன். நத்தாருக்கு நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய அட்டையின் உறையில் இந்த முகவரி இருந்தது. அம்மா அட்டையை மாதா சுரூபத்தடியில் வைத்துவிட்டு உறையை எறிந்துவிட்டா. நான் எடுத்து வைத்தேன்.

விஷயம் சின்னது. எங்கள் றொஷானிக்கு, கத்தரின் அக்கா இன்னும் பேபி என்று கூப்பிடுகிற அதே றொஷானிக்கு, எட்டு வயதாகிவிட்டது. ஜூன் எட்டாம் திகதி சேர்ச்சில் முதல் நன்மை வாங்குகிறாள். அதற்கு றூபன் அத்தான் மகளுக்கு ஒரு குவாட், அந்த நாலு சில்லு மோட்டார் சைக்கிள், வாங்கப் போகிறார். அத்தானின் பெயரைக் கண்டதும் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில்தான் இதை அறிவித்தார். "சைக்கிள், டேப்லெட் எல்லாம் குடுத்து முடிஞ்சுது. இனி நாலு சில்லுதான்" என்றார்.

"குவாட்டோ? இலவேட்டில மாடு மேய்க்கிறியளோ?" என்று அப்பா கேட்டார். இலவேடு என்றது எங்களுடைய டவுன் இல்ஃபேர்ட். நீங்கள் போன பிறகும் அவர் அதை அப்படித்தான் சொல்கிறார்.

"மாமா, நீங்கள் பேசாமல் சோத்தைச் சாப்பிடுங்கோ. எங்கட சேர்ச் ராஜீவின்ர பெடியன் முதல் நன்மைக்குக் குதிரை வண்டியில வந்தவன். என்ர பிள்ளை என்ன, பஸ்ஸில வாறதோ?"

பிறகு ஏன் எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "றஜீனா படிச்சவள். அவள் பாத்து நல்லதொண்டு சொல்லட்டும்" என்றார் அத்தான்.

நான் படித்தது வரலாறு. கடைசி ஆண்டில் பழைய துறைமுகச் சட்டங்களைப் பற்றி எண்பது பக்கம் எழுதினேன். ஆனால் இந்த வீட்டுக்கு முதலாவதாக வந்த பட்டம் என்பதால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அப்பாவின் முழங்காலுக்கு வைத்தியசாலையில் இருந்து வந்த கடிதம், பொயிலரின் உத்தரவாதம், பக்கத்து வீட்டாரின் பார்க்கிங் தண்டம், இப்போது எஞ்சின். கவுன்சில் கந்தோரில் பகல் முழுக்க மற்றவர்களின் படிவத்தைப் பார்த்துவிட்டு வந்து, பின்னேரங்களில் குவாட் படிக்கிறேன்.

இதுவரை இணையத்தில் பதினேழு வகை பார்த்து ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். எனக்கு அதில் ஒரு விஷயம் தெரிந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் சாமான் வந்து இறங்கிய அன்றே எழுதுகிறார்கள். "என் மகன் துள்ளிக் குதித்தான்" என்று. ஒரு வருடத்துக்குப் பிறகு அது இன்னும் ஓடுகிறதா என்று ஒருவரும் எழுதுவதில்லை. அப்படியானால் நம்பக்கூடியது எது என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் தெரிந்தவர் நீங்கள்தான், இதற்கு மட்டும் பதில் தாருங்கள்: எத்தனை சீசீ, எந்த நாட்டுச் சாமான், புதியதா பழையதா. நான் உங்களைக் கேட்டது ஒருவருக்கும் தெரியாது.

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. என்றாலும் கேட்கிறேன்.

றஜீனா


வேல்ஸ்
6 ஏப்ரல்

றஜீனா,

உறையில் உன் எழுத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ என்று நினைத்து, கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். பார்த்தால் குவாட். இரண்டு வருடத்துக்குப் பிறகு குவாட்.

உன் கேள்வி மூன்றும் பிழை.

இங்கே ஆட்டுப் பண்ணைக்காரர் எல்லோரிடமும் குவாட் இருக்கிறது. கிழமைக்கு ஐந்தாறு திருத்துகிறேன். போன மாதம் கைபிடி வளைந்து ஒன்று வந்தது. ஓட்டிய பொடியனுக்குப் பதினொரு வயது. காறை எலும்பு முறிந்துவிட்டது. வண்டியில் ஒரு பிழையும் இல்லை. நல்ல வண்டி. ஆனால் அது அவனுடைய தமையனுடையது.

ஆகவே முதலில் வண்டியைப் பார்க்காதே, பிள்ளையைப் பார். வண்டியில் இருத்து. இரண்டு பாதமும் மிதியில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கால் மடங்கி இருக்க வேண்டும். கைபிடியை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பச் சொல்லு. மற்றக் கை எட்ட வேண்டும், உடம்பு சரியக்கூடாது. பிரேக்கை விரலால் இழுக்கச் சொல்லு. இதில் ஒன்று சரிவராவிட்டாலும் இறக்கிக்கொண்டு வா. தயாரித்தவன் இத்தனை வயதுக்கு என்று ஒரு சிட்டை ஒட்டியிருப்பான். அவன் அதைச் சும்மா ஒட்டவில்லை. எட்டு வயதுக்கு ஐம்பது சீசீ. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, வேகத்தைக் குறைத்து வைக்கிற திருகாணி இருக்கிறதா என்று பார். மணிக்கட்டில் மாட்டுகிற கயிறும் இருக்க வேண்டும். பிள்ளை விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நிற்கும். இந்த இரண்டும் இல்லாததை வாங்குகிறவனுக்கு மூளை இல்லை.

நம்பக்கூடியது எது என்று கேட்டாய். பழுது போகாத வண்டி ஒன்றும் இல்லை. பழுது போனால் திருத்தக்கூடியதுதான் நல்ல வண்டி. விற்கிறவனிடம் போய் விலையைக் கேட்காதே. பின் பிரேக்குக்கு ஒரு கேபிள் வேண்டும் என்று கேள். ஒரு கிழமைக்குள் எடுத்துத் தருவான் என்றால் மேற்கொண்டு கதை. தலையைச் சொறிந்தால் வெளியே வா. பெயர் தெரியாத சாமானைக் கப்பல் கொன்ரெயினரில் இறக்கி விற்கிறவன் எல்லாம் தலையைச் சொறிவான்.

அதுசரி, எங்கே ஓடப் போகிறாள்? றோட்டில் ஓடக்கூடாது. பார்க்கிலும் ஓடக்கூடாது. பொலிஸ் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். யாராவது தங்கள் காணியில் ஓட விட வேண்டும். அதை முதலில் உன் அத்தானிடம் கேள்.

என் பெயரை அங்கே எடுக்காதே.

சுகம்.

கொட்வின்


செவன் கிங்ஸ்
22 ஏப்ரல்

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, உங்கள் பெயர் இல்லாமல், வடிவாக எழுதி அத்தானிடம் கொடுத்தேன். "கெட்டிக்காரி" என்றார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவ்வளவுதான். அந்தச் சட்டை இப்போது துவைத்தும் ஆயிற்று.

ஈஸ்ரருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை, எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு றெயின்ஹாம் பக்கம் ஒரு வளவுக்குப் போனார். நீங்கள் சொன்ன மாதிரியே கொன்ரெயினர். உள்ளே இருபது குவாட், ஒன்றின்மேல் ஒன்று, பச்சையும் செம்மஞ்சளுமாக. விற்கிறவர் சஞ்சயன் என்று ஒருவர். அத்தானோடு ஜேர்மனியில் ஒரே அகதி முகாமில் இருந்தவராம். அதனால் அவர் சாமான் நல்ல சாமான்.

ஐம்பது சீசீயில் ஒன்று இருந்தது. றொஷானியை அதில் இருத்தினேன். பாதம் பதிந்தது. அத்தான் சுற்றிவர நடந்து பார்த்துவிட்டு, "இதென்ன, பால்குடிக்கு வாங்கின மாதிரிக் கிடக்கு" என்றார்.

"எட்டு வயசுக்கு இதுதானாம் அத்தான்."

"இப்ப எட்டு. அடுத்த வருசம் ஒன்பதெல்லோ? வளருற பிள்ளை. பேந்து ஆருக்குக் குடுக்கிறது இதை?"

இந்த 'வளருற பிள்ளை' கதையோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் நானும் வளர்ந்ததும் அப்படித்தானே. பள்ளிக்கூட பிளேசரின் கை விரல் நுனிவரை தொங்கும். சப்பாத்துக்குள் பஞ்சு. எங்களுடைய சனம் எதையும் இன்றைய அளவுக்கு வாங்காது. றொஷானியின் முதல் நன்மைச் சட்டையே இரண்டு அளவு பெரிதாக எடுத்து, பின்னால் ஊசி குத்தியிருக்கிறார்கள். சட்டைக்கு ஊசி குத்தலாம். குவாட்டுக்கு எங்கே குத்துவது?

நூற்றிருபத்தைந்து சீசீயில் சிவப்பு நிறத்தில் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கி வைத்தார்கள். கால் இரண்டும் தொங்குகிறது. மிதியில் பெருவிரல் மட்டும் முட்டுகிறது. கைபிடியைத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள், பாதி உடம்பு மற்றப் பக்கம் போய்விட்டது.

"ரெண்டு வருசத்தில கால் எட்டும்" என்றார் அத்தான்.

"எட்டும், எட்டும்" என்றார் சஞ்சயன்.

"அதுவரைக்கும்?" என்று கேட்டேன். அண்ணை, நான் உண்மையாகவே கேட்டேன். ஆனால் என் குரல் உங்களுக்குத் தெரியும்தானே. பக்கத்தில் நின்ற அக்காவுக்கே கேட்கவில்லை.

பிறகு துணிந்து சஞ்சயனிடம் பின் பிரேக் கேபிள் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். சத்தியமாகச் சொறிந்தார். "அது தங்கச்சி, பழுது போனால் பாப்பம். ஓடாத சாமானுக்கு ஏன் இப்பவே கவலைப்படுறியள்?" என்றார்.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். டயர் கடைக்காரர் அல்லவா, கேள்வி எங்கிருந்து வந்தது என்று மணந்து பிடித்துவிடுவார். "கேபிளோ? உது ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

யூடியூப் என்றேன்.

இன்னும் வாங்கவில்லை. முற்பணம் மாதிரிக் கையைக் குலுக்கிவிட்டு வந்திருக்கிறார். அக்காவிடம் தனியே சொன்னேன். "அவர் ஆசைப்படுறார் பிள்ளை" என்கிறா. அப்பாவிடம் சொன்னேன். "நீ படிச்சனி, நீ சொல்லு" என்கிறார். நான் என்னதான் செய்வது? எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், ஒருவரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

றஜீனா


வேல்ஸ்
28 ஏப்ரல்

றஜீனா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ என்ன செய்தாய் என்று தேடிப் பார்த்தேன். ஒரு கடதாசி கொடுத்திருக்கிறாய். கேட்காத குரலில் ஒரு சொல் சொல்லியிருக்கிறாய். பிறகு யூடியூப்.

பாதம் பதியவில்லை என்று கண்ணால் கண்டிருக்கிறாய். உடம்பு சரிந்ததைக் கண்டிருக்கிறாய். நீதான் எல்லாவற்றையும் காண்பாயே. சின்ன வயதில் இருந்தே வீட்டில் எல்லாம் முதலில் காண்கிறது நீ. கண்டு என்ன?

எழுதாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். நீ வலிய எழுதினாய், இனிக் கேள்.

அந்த வெள்ளை வானை மறந்திருக்க மாட்டாய். நீ சனிக்கிழமைகளில் றூபனின் குட்மேய்ஸ் டயர் கடையில் கணினிக்கு முன்னால் இருந்த, நான் அங்கே வேலை செய்த காலம். நான் அந்த வானின் பிரேக் கட்டையைக் கழற்றி எடுத்து வந்து உன் கையில் வைத்தேன். "பார், இதில ஏதாவது மிச்சம் இருக்கோ" என்று கேட்டேன். இரும்புவரை தேய்ந்து கிடந்தது. நீ விரலால் தடவிப் பார்த்தாய். அப்போது வான்காரன் உள்ளே வந்தான். றூபன் அவனிடம் "இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடலாம், அவசரமில்லை" என்றார். நான் இல்லை என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "என்ர கடையில நிண்டுகொண்டு என்னைப் பொய்யனாக்கிறியோ" என்று அவர் கத்தினார். நான் உன்னைப் பார்த்தேன். அவரும் உன்னைப் பார்த்து, "நீ பாத்தனிதானே றஜீனா, சொல்லு" என்றார்.

நீ தெரியாது என்றாய்.

அவர் கத்தினதுக்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. அவர் இன்றைக்குக் கத்தி நாளைக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவார். உன்னுடைய இலக்கத்தையும் ஏன் மூடினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

குவாட் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். இனி எழுத ஒன்றும் இல்லை.

கொட்வின்


செவன் கிங்ஸ்
13 மே

அண்ணை,

இனி எழுத ஒன்றும் இல்லை என்ற பிறகும் எழுதுகிறேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். நான் அன்றைக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. நீங்கள் என்மேல் இரக்கப்பட்டு அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கிறீர்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. கணினியைப் பார்த்தேன். பிரேக் கட்டையை மேசைக்குக் கீழே வைத்தேன். தெரியாது என்றது நீங்கள் போன பிறகு அத்தான்தான். "பாவம், அவளுக்கு உதெல்லாம் என்ன தெரியும்" என்று வான்காரரிடம் சொன்னார். நான் அதற்கும் பேசாமல் இருந்தேன். இதை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எழுத விரும்பவில்லை. எழுதினால் அது உங்களிடம் இரக்கம் கேட்கிற மாதிரி இருக்கும்.

இப்போது இங்கே நடப்பது:

சிவப்புக் குவாட் வந்துவிட்டது. கடையின் பின்பக்கத்து முற்றத்தில் பழைய டயர்களுக்கு நடுவே நிற்கிறது. எங்கே ஓடப் போகிறாள் என்று கேட்கச் சொன்னீர்களே, கேட்டேன். வயலும் இல்லை, காணியும் இல்லை. மண்டபத்துக்குள்.

பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் இருந்த பிறகு, விளக்கை அணைத்து, புகை விட்டு, பாட்டுப் போட்டு, றொஷானி அந்தப் புகைக்குள்ளால் குவாட்டில் வந்து கேக் மேசைக்கு முன்னால் நிற்பாளாம். வெள்ளைச் சட்டையோடு, தலையில் நெற்றுத் துணியும் பூமுடியுமாக. இரண்டு பக்கமும் முந்நூறு சனம் கதிரைகளில். வீடியோ எடுக்கிற கௌசிக் சொல்லிக்கொடுத்த யோசனை. "ராஜீவின்ர குதிரை என்ன குதிரை, இதைப் பார்" என்று அத்தான் இப்போதே சிரிக்கிறார்.

சட்டை நிலம்வரைக்கும். குவாட்டின் பின்னால் சங்கிலி ஓடுகிறது. இதை நான் ஒருத்திதானா காண்கிறேன்?

போன சனிக்கிழமை முற்றத்தில் ஓட்டிப் பழக்கினார். ஹெல்மெட் பெரிது, உள்ளே ஸ்பொஞ்ச் வைத்திருந்தார்கள். அத்தான் கைபிடியைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடினார். பிறகு விட்டார். றொஷானிக்கு நிறுத்தத் தெரிந்தது. ஆனால் விரல் பிரேக்குக்கு எட்டவில்லை. நேரே போய் டயர் அடுக்கில் முட்டினாள். மேலே இருந்த டயர் ஒன்று உருண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அழுதாள். பயத்தில் அழுதாள், அடி இல்லை. அத்தான் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, ராசாத்தி" என்று சிரித்துக்கொண்டு தூக்கினார். தூக்கியவருடைய கை நடுங்கியதை நான் கண்டேன். அவரும் பயந்துவிட்டார். நல்லது, இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "அடுத்த கிழமை இன்னும் வடிவா ஓடுவாய்" என்றார்.

அண்ணை, நான் ஒன்று கேட்கிறேன். எந்த வயரைக் கழற்றினால் அது ஸ்ராட் ஆகாது? வெளியே தெரியக்கூடாது. சாமான் சரியில்லை என்று சஞ்சயனைப் பேசிவிட்டு விடுவார்கள். பிள்ளை தப்பிவிடும். ஒரு வரி எழுதினால் போதும். நான் கடைத் திறப்பு வாங்கிக்கொண்டு போய், பூட்டைத் திறந்து செய்வேன்.

றஜீனா


வேல்ஸ்
18 மே

றஜீனா,

பிள்ளைக்கு அடி இல்லைத்தானே? கழுத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் நோகும். அக்காவிடம் கேட்டுப் பார்.

எந்த வயர் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

காரணம் ஒன்று: றூபன் இருபத்தைந்து வருடம் வாகனத் தொழிலில் இருக்கிறவர். கழன்ற வயரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். மாட்டிவிட்டு, இன்னும் வீறாப்பாய்ப் பிள்ளையை ஏற்றுவார். காரணம் இரண்டு உனக்கே தெரியும். இருட்டில் வயரைக் கழற்றுவதும் பிரேக் கட்டையை மேசைக்குக் கீழே வைப்பதும் ஒரே வேலை.

நீ தெரியாது என்று சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை நினைத்துப் பார்த்தேன். நீ சொன்னதாகவே என் காதில் இருக்கிறது, ஆனால் இருக்கலாம். எனக்கு அந்த நேரம் கோபத்தில் காது அடைத்துப் போயிருந்தது. இதை நீயாகவே எழுதினாய். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

நூற்றிருபத்தைந்து சீசீ வண்டி கிட்டத்தட்ட நூறு கிலோ. பிள்ளை எத்தனை கிலோ? இருபத்தைந்து இருப்பாளா? இதை அவருக்குச் சொல்லு. கடதாசியில் வேண்டாம். வாயால். மெதுவாகச் சொன்னாலும் பரவாயில்லை, நிறுத்தாமல் சொல்லு. அவர் கத்துவார். கத்தி முடியும்வரை நில். அந்த மனிசன் கத்தி முடிந்தபிறகுதான் காது திறக்கும். நான் அன்றைக்கு அது முடியும்வரை நிற்கவில்லை.

கொட்வின்


செவன் கிங்ஸ்
1 ஜூன்

அன்புள்ள அண்ணை,

றொஷானிக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை. இருபத்துமூன்று கிலோ. குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.

முதலில் நல்ல செய்தி. ஒங்கார் பக்கம் பண்ணை இயந்திரம் விற்கிற ஒரு வெள்ளைக்காரரிடம் தனியே போனேன், மூன்று பஸ் மாறி. பின் பிரேக்குக்குக் கேபிள் வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் பின்னால் கையை நீட்டி, தட்டில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. அவரிடம் ஐம்பது சீசீயில் ஒன்று நிற்கிறது. மூன்று வருடம் பழையது. திருகாணி இருக்கிறது, கயிறு இருக்கிறது, வயதுச் சிட்டையும் கிழியாமல் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அக்காவிடம் நூலகம் என்று சொல்லி றொஷானியைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். இரண்டு பாதமும் பதிந்தது. பிரேக்கை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "சித்தி, இது என்ர சைஸ்" என்றாள். அவருடைய வயலில் ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்களாம். ஒரு கிழமைக்கு விற்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி நேற்று நடந்தது.

முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். அத்தான், அக்கா, அப்பா, கௌசிக். கௌசிக் கமராவோடு. றொஷானி ஸ்பொஞ்ச் வைத்த ஹெல்மெட்டோடு மேலே இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், அண்ணை. அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள். அப்படிப் பார்க்கிற ஒருத்தியைக் கண்ணாடியில் தினமும் காண்கிறேன்.

நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"அத்தான், பிள்ளை இதில ஓட மாட்டாள்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

கௌசிக் சிரித்தான். அத்தான் சிரிக்கவில்லை. "விலகு றஜீனா. பிள்ளையை வீணாப் பயப்படுத்தாதை."

"வண்டி நூறு கிலோ. பிள்ளை இருபத்துமூண்டு. விரல் பிரேக்குக்கு எட்டாது. அண்டைக்கு டயர் விழேக்க உங்கட கை நடுங்கினது, நான் கண்டனான்."

அப்போதுதான் கத்தத் தொடங்கினார். நான் தந்த கடதாசி, என்னுடைய படிப்பு, இந்த வீட்டில் அவர் யாருக்கு என்ன குறை வைத்தார், பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது, எல்லாம். பக்கத்து மெக்கானிக் கடையில் வேலை நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி நான் நின்றேன். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் மற்றதையும் சொன்னேன்.

"அண்டைக்கு வெள்ளை வானின்ர பிரேக்கையும் நான் கண்டனான். கையில பிடிச்சுப் பாத்தனான். இரும்புவரைக்கும் தேஞ்சுதான் கிடந்தது. அண்ணை சொன்னது சரி. நான்தான் பேசாமல் இருந்தனான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் கத்தாமல், மெதுவாகச் சொன்னார்: "இதை நீ அண்டைக்கே சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டானெல்லோ."

அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. ஏனென்றால் சரி.

நான் றொஷானியை இறக்கினேன். குவாட்டின் திறப்பைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, என் கைப்பைக்குள் போட்டேன். களவாக இல்லை.

ஆனால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அத்தானைத் தெரியும்தானே. பின்னேரம் அக்கா போன் எடுத்தா. அவர் இரண்டாவது திறப்புக்குச் சஞ்சயனிடம் சொல்லியிருக்கிறாராம். முந்நூறு பேருக்குச் சொன்னதைத் திருப்பி எடுக்க ஏலாதாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் ஒத்திகையாம். "நீ வராமல் விட்டிடு, பிள்ளை. பிரச்சினை இல்லாமல் முடியும்" என்றா. அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் போகத்தான் போகிறேன். புகை இருக்கட்டும், பாட்டு இருக்கட்டும், பிள்ளை தன் காலால் நடந்து வரட்டும், அவளுடைய அளவுக் குவாட் அடுத்த ஞாயிறு வயலில் நிற்கும் என்று சொல்லப் போகிறேன். கத்துவார். கத்தி முடியும்வரை நிற்பேன்.

அன்றைக்குக் கடையில் உங்களை எல்லோர் முன்னும் பார்த்தும் பாராத மாதிரி இருந்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் முதல் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். அது குவாட்டாக முடிந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் இன்னொன்றும் கேட்க நினைத்து, கடைசியில் பெயரை எழுதி மூடிவிடுவேன். இன்றைக்கு மூடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வருவீர்களா? எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். பேசுகிறது நான். பக்கத்தில் நின்றால் போதும்.

றஜீனா